காலியாக விட்டால் என்ன ஆகும்?

போன மாதம் என் செல்போன் என்னைக் கேட்காமலேயே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. காலையில் எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி சிறுத்திருக்கிறது. தமிழ் போய் இங்கிலீஷ் வந்திருக்கிறது. மணி அடிக்க வேண்டிய இடத்தில் குருவி கத்துகிறது. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "டீஃபால்ட்டுக்குப் போயிடுச்சும்மா, ஒண்ணும் இல்ல" என்றார் கடைக்காரர். ஒன்றும் இல்லையாம்! அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு வந்த எரிச்சல் ஏன் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. அது அவர் மேல் வந்த எரிச்சலும் இல்லை.

அதே வாரம் நூர்ஜஹான் போன் செய்தாள். நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் அவள் பஞ்ச் ஆபரேட்டராக இருந்தவள். பழைய ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம்.

"நீங்களும் எழுதணும்க்கா."

"எனக்கு என்னடி எழுதத் தெரியும்? அஞ்சாங்கிளாஸ்."

"பேசத்தான் மாட்டீங்க. எழுதவாவது செய்யுங்க. பதினாலு வருஷம் நோட்டு எழுதி எங்க உசிர எடுத்தீங்கள்ல?"

எடுத்தேன்தான். எதற்காக எடுத்தேன் என்று அவர்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. அதை எழுதிவிடுகிறேன்.

எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் கண்டோன்மெண்டில் ஒரு மாடியில் இருந்தது. இப்போது அந்தக் கட்டடமும் இல்லை. அந்தக் காலத்தில் ஆபீசுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் கிடையாது. மில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று பல இடங்களிலிருந்து காகிதங்களைக் கட்டி எங்களிடம் அனுப்புவார்கள். பஞ்ச் பெண்கள் அதை அட்டைகளில் துளைகளாகப் போடுவார்கள். மிஷின் துளைகளைப் படித்துப் பட்டியல் அடித்துக் கொடுக்கும். நான் எழுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். அதற்கு முன் உறையூரில் சுருட்டுக் கம்பெனியில் இலை தரம் பிரித்தேன். "அடுக்குறதுல கெட்டிக்காரி, வாயத் திறக்க மாட்டா" என்று எங்கள் பாலக்கரை கன்னியாஸ்திரி ஒருவர் சிபாரிசு செய்தார். இரண்டையும் நல்ல குணமென்று நினைத்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது நல்ல குணம் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆறு மாதத்தில் வேலை பழகிவிட்டது. இங்கிலீஷில் பெரிய எழுத்துகள் மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டேன். மிஷினுக்கும் பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்கத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

என் பொறுப்பு ஒரு இரும்பு அலமாரி. அதற்கு லைப்ரரி என்று பெயர். அதனால் நான் லைப்ரரி அம்மா. "லைப்ரரி அம்மா, தொடர்கதை இருக்கா?" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள். தாங்கள்தான் முதலில் கேட்பதாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

அலமாரியில் இருந்தது கதைப் புத்தகம் இல்லை, ரோஸ் அட்டைகள். ஒரே புரோகிராம் பத்து இடங்களுக்கு வேலை செய்யும். ஆனால் இடத்துக்கு இடம் சில சங்கதிகள் மாறும். தலைப்பில் யார் பெயர் வர வேண்டும், பக்கத்துக்கு எத்தனை வரி, வராதவர்களை என்ன செய்வது, பாஸ் மார்க் எவ்வளவு, இப்படி. அதையெல்லாம் ஒரே ஓர் அட்டையில் துளை போட்டு முன்னால் வைத்தால் மிஷின் அதன்படி நடந்துகொள்ளும். அட்டைக்கு எண்பது கட்டம். எந்தக் கட்டத்தில் என்ன என்பது இடத்துக்கு இடம் தெரிந்திருக்க வேண்டும். மற்ற அட்டைகளோடு கலந்துவிடக்கூடாது என்று அதற்கு மட்டும் ரோஸ் நிறம்.

இந்த ரோஸ் அட்டையைப் படித்து மற்ற புரோகிராம்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே ஒரு பொதுக்கட்டு உண்டு. முந்நூறு அட்டை இருக்கும். எந்த வேலை ஓட்டினாலும் அந்தக் கட்டையும் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். அதை எழுதியவர் ரங்கராஜன் சார், எங்கள் தலைமை புரோகிராமர். அட்டைகள் வரிசை மாறக்கூடாது என்பதற்காகக் கட்டின் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை பச்சை மையால் சாய்கோடு ஒன்று இழுத்திருப்போம். நடுவில் ஓர் அட்டை இடம் மாறினால் கோட்டில் பல் விழுந்த மாதிரி தெரியும்.

அலமாரியைப் பார்த்துக்கொள்வது எளிது. அட்டை எடுக்கிறவர்களோடு மாரடிப்பதுதான் கஷ்டம். ஒருவர் ரோஸ் அட்டையை விசிறியாக்கினார். ஒருவர் டெலிபோன் நம்பர் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மேனேஜர் மேஜைக் காலுக்கு அண்டக் கொடுத்திருந்தார். நான்கு நாள் தேடி, குனிந்து பெருக்கும்போது கண்டெடுத்தேன். ஒரு மில்லின் ஆஜர் பட்டியலுக்கான அட்டை அது. "அப்பிடியா? நான் வேஸ்ட்டுன்னு நெனச்சேன்" என்றார். ரோஸ் நிறம் எதற்கு இருக்கிறதென்று அவருக்கு மூன்றாவது முறையாகச் சொன்னேன். மனசுக்குள்தான்.

எனவே நோட்டு போட்டேன். யாரும் சொல்லவில்லை. நீள நோட்டில் ஒரு அட்டைக்கு ஒரு பக்கம். எந்த வேலைக்கு, எந்தக் கட்டத்தில் என்ன, கடைசியாக யார் எடுத்தது. எல்லாம் தமிழில். கொஞ்ச நாளில் ஒரு சங்கதி கவனித்தேன். பாதி அட்டைகளில் பாதிக் கட்டங்கள் காலி. துளையே இல்லை. அப்படியானால் மிஷின் அங்கே என்ன எடுத்துக்கொள்ளும்? ஒரு புரோகிராமரிடம் கேட்டேன்.

"காலியா விட்டா ஒண்ணும் ஆகாதும்மா."

"ஒண்ணும் ஆகாதுன்னா என்னங்க ஆகும்?"

"வழக்கமா என்ன ஆகுமோ அது ஆகும்."

"வழக்கமா என்ன ஆகும்?"

"அய்ய, ரங்கராஜன் சாரக் கேளுங்க" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

ரங்கராஜன் சாரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். நெற்றியில் திருமண் இருக்கும். மிஷின் அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவது எல்லோரும் செய்வது, தூசிக்காக. அவர் கழற்றும் விதத்தைப் பார்த்தால் உள்ளே பெருமாள் இருக்கிறார் என்று தோன்றும். யாரையும் அதட்டியதில்லை. என்னைக்கூட "மேரியம்மா, வாங்கோ" என்றுதான் சொல்வார். என் முழுப்பெயர் ஆரோக்கியமேரி. எது நன்றாக நடந்தாலும் "பேஷ்" என்பார். எது கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். முந்நூறு அட்டையும் அவருக்கு மனப்பாடம். அதுதான் தொல்லையே. மனசில் இருப்பதை எதற்குக் காகிதத்தில் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. "எல்லாம் ஞாபகத்துல இருக்கு, அடியேன் பாத்துக்கறேன்" என்பார். அவர் பார்த்துக்கொள்வார். அவர் லீவு போட்டால்?

போட்டார். வைகுண்ட ஏகாதசிக்கு வருஷா வருஷம் பத்து நாள் லீவு. ஒரு வருஷம் பள்ளிக்கூடம் ஒன்றின் ரோஸ் அட்டையைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் அதை ஓட்ட வேண்டும். மேனேஜர் என்னைத்தான் அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் போவதென்பது சும்மாவா? ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரம். அதன் அடியில் ஒரு மணி நேரம் நெரிபட்டு, செருப்பைத் தொலைத்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சார் கோயிலில் இருந்தார். மாமி வந்து கதவைத் திறந்தார்.

"ரோஸ் அட்டையா? அடடா, அதுல நான் கோலத்துக்குப் புள்ளி வெச்சுண்டிருக்கேனே! ஓட்டை வரிசையா இருந்துதா, பதினஞ்சு புள்ளிக்குச் சௌகர்யமா இருந்துது."

பள்ளிக்கூடத்தின் பாஸ் மார்க்குக்கு மேல் நீல மையில் தாமரைக் கோலம் ஒன்று இருந்தது. நல்ல கோலம். மை துளையை மறைக்காது என்பதால் அப்படியே ஓட்டினோம். சரியாகவே ஓடியது. சார் திரும்பி வந்ததும் நான் அட்டையை நீட்டினேன். "பேஷ், பேஷ்" என்றார். என் செருப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவரிடமிருந்து வந்ததுதான் "யதாபூர்வம்" என்ற வார்த்தை. முன்பு இருந்தது போலவே என்று அர்த்தம். நூர்ஜஹானுக்கு அந்த அர்த்தம் தெரியாது. "எதுக்கா பூர்வம்?" என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் என்ன எழுதட்டும் என்று நான் நோட்டோடு போய் நிற்பேன். சார் கண்ணாடியைத் துடைப்பார். "யதாபூர்வம்னு போட்டுடுங்கோ" என்பார். நானும் போட்டேன். பக்கம் பக்கமாகப் போட்டேன். எழுத்துப்பிழை இல்லாமல் அழகாகப் போட்டேன். இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பொதுக்கட்டை அலமாரியிலிருந்து எடுத்தபோது பச்சைக் கோட்டில் ஒரு பல் விழுந்திருந்தது. நடுவில் ஒரு புது அட்டை, மை இல்லாமல் வெளுப்பாக. யாரோ பழையதை எடுத்துவிட்டுப் புதிது சொருகியிருக்கிறார்கள். சாரிடம் போனேன்.

"சார், பொதுக்கட்டுல ஒரு அட்டை மாறியிருக்குங்க."

"ஆமாம். நான்தான். சின்ன விஷயம்."

"நோட்டுல என்னங்க எழுதட்டும்?"

கண்ணாடியைத் துடைத்தார். "மத்ததெல்லாம் யதாபூர்வம்."

"மாறுனது எதுங்க?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதரிடம் ஒரே காலையில் இரண்டு கேள்வியா என்று நாக்கு உள்ளே போய்விட்டது. அதோடு விட்டேனா? என் இடத்துக்கு வந்து, பச்சை மையை எடுத்து, அந்த வெளுத்த இடத்தில் கோட்டைச் சேர்த்து இழுத்துவிட்டேன். பல் போன இடம் தெரியக்கூடாதாம். சுத்தமாக இருக்க வேண்டுமாம். மாறியதற்கு இருந்த ஒரே அடையாளத்தை என் கையாலேயே அழித்தேன். அப்போது எனக்கு அது நல்ல வேலையாகத் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் உதவியாளர் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பரீட்சைப் பட்டியலை ஓட்டினோம். ஒரு டிரஸ்ட் நடத்திய பள்ளி. விடுதியில் தங்கி மூன்று மாதம் ஆரம்பப் பயிற்சி, பிறகு ஒரு பரீட்சை. தேறினால் மேற்கொண்டு ஒன்றரை வருஷம் படித்து வேலைக்குப் போகலாம். தேறாவிட்டால் சனிக்கிழமைக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். திங்கட்கிழமை அந்த இடத்துக்குக் காத்திருப்புப் பட்டியலிலிருந்து வேறு பெண் வருவாள். வியாழக்கிழமை எங்கள் பட்டியல் போனது. அன்றைக்கே ஒட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஓர் ஆள் மாடியேறி வந்தார். தோளில் துண்டு, கையில் துணிப்பை. பச்சைமலையிலிருந்து வருவதாகச் சொன்னார். பெயர் பெரியண்ணன். பட்டியலின் அடியில் எங்கள் சென்டர் பெயர் அச்சாகியிருந்ததைப் படித்து, வழி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மேனேஜர் மேஜைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

"என்னங்க வேணும்?"

"எம்பொண்ணு மருதாயிங்க. முப்பத்தேழு மார்க்கு வாங்கியிருக்குது. பெயிலுன்னு ஒட்டியிருக்காங்க." பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். "சேரும்போது குடுத்த நோட்டீசுங்க. முப்பத்தஞ்சு எடுத்தாப் பாசுன்னு இதுல போட்டிருக்குங்களே."

"அத ஸ்கூல்ல போய்க் கேளுங்க."

"கேட்டேனுங்க. கம்ப்யூட்டரு சொன்னதுதான், எங்க கையில இல்லன்னாங்க."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க. நீங்களும் நானும் பண்ணுவோம், அது பண்ணாது."

"நான் தப்புன்னு சொல்லலீங்க. எப்பிடின்னு கேக்குறேன்."

மேனேஜர் ரேஷன் கடையில் வரிசையைக் கலைக்கிற மாதிரி கையை வீசினார். "போய்ட்டு வாங்க. வேலை இருக்கு."

நான் அந்த அறையில்தான் இருந்தேன். மேனேஜருக்குத் தண்ணீர் கொண்டுபோனவள், தம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். முப்பத்தைந்து என்று அவர் சொன்னதுமே எனக்கு வெளுத்த அட்டை ஞாபகம் வந்துவிட்டது. மாடிப்படி வரைக்கும் அவர் போகிற சத்தம் கேட்டது. "கொஞ்சம் நில்லுங்க அண்ணே" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வரவில்லை. அந்த மனிதர் படியிறங்கிப் போய்விட்டார்.

அலமாரிக்கு ஓடினேன். அந்தப் பள்ளியின் ரோஸ் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பன்னிரண்டு, பதின்மூன்றாம் கட்டங்கள், பாஸ் மார்க். காலி. நோட்டைப் புரட்டினேன். என் அழகான கையெழுத்தில் யதாபூர்வம். எந்தப் பூர்வம்? நோட்டைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. நோட்டு என்ன செய்யும்? நான் எழுதியதைத்தான் அது சொல்லும்.

போன வருஷத்துப் பட்டியலின் கார்பன் காப்பி மூட்டையாக மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து தேடினேன். நூர்ஜஹான் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, எலியா?"

"பேசாம வாடி. முப்பத்தஞ்சுலேர்ந்து நாப்பதுக்குள்ள யாராச்சும் போன வருஷம் பாஸான்னு பாரு."

அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு பெண் முப்பத்தாறு, பாஸ். இன்னொருத்தி முப்பத்தெட்டு, பாஸ். இந்த வருஷப் பட்டியலில் அதே மாதிரி மார்க் வாங்கிய ஏழு பேர் பெயில். மருதாயி அதில் ஒருத்தி.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சாரின் மேஜைக்குப் போனேன். சார் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். எனக்குச் சொல்ல வரவில்லை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முப்பத்தாறின் மேல் ஒரு விரலும் முப்பத்தேழின் மேல் ஒரு விரலுமாக நின்றேன். நூர்ஜஹான்தான் பேசினாள்.

"போன வருஷம் பாஸ், இந்த வருஷம் பெயில் சார். ரோஸ் அட்டை அதே அட்டைதான்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் புதுசா வந்துது" என்றார். "அவாளுக்கு நாப்பது. அவாகிட்ட இருபது அட்டைக்கு மேல. ஒவ்வொண்ணுலயும் துளை போடறதுக்குப் பதிலா, காலியா விட்டா நாப்பதுன்னு பொதுக்கட்டுலயே மாத்திட்டேன். முன்னாடி முப்பத்தஞ்சு." மறுபடி இரண்டு பட்டியலையும் பார்த்தார். "மத்தவாளும் காலி விட்டிருப்பான்னு தோணலை."

பாதிப் பேர் காலிதான் விட்டிருந்தார்கள். அதை என் நோட்டு ஒன்றுதான் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவர் ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை.

மறுபடி ஓட்ட மேனேஜர் சம்மதிக்கவில்லை. ஒட்டிய பட்டியலை மாற்றினால் சென்டருக்கு மானம் போகுமாம். "விதிமுறை மாற்றப்பட்டதுன்னு ஒரு லெட்டர் குடுத்துடலாம்" என்றார். சார் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "விதிமுறையை மாத்தறதுக்கு நாம யாரு? தப்பு அடியேனோடது. ஓட்டாம நான் ஆத்துக்குப் போகப்போறதில்லை" என்று சொல்லி மேனேஜருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் அதற்குள் மிஷினில் மில் வேலை ஏறியிருந்தது. சனிக்கிழமை காலை முதல் வேலையாக ஓட்டலாம் என்று முடிவானது. பள்ளிக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடலாம் என்றார் சார். பட்டியல் கையில் இல்லாமல் என்னவென்று சொல்வது என்றார் மேனேஜர். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு, பதின்மூன்றாம் கட்டங்களில் முப்பத்தைந்து என்று துளை போட்டு ஓட்டினோம். ஏழு பேரும் பாஸ். பட்டியலை நானே கொண்டுபோகிறேன் என்றேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். விடுதி வாசலில் ஐந்தாறு தகரப் பெட்டிகள் இருந்தன. பெட்டிகளுக்குப் பக்கத்தில் பெண்கள். வார்டன் பட்டியலை வாங்கிப் பார்த்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒருத்தி பெட்டி மேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஆறு பேர் பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

"மருதாயி எங்கங்க?"

"அவ அப்பாவோட நேத்து சாயந்தரமே போயிட்டாம்மா. மலைக்கு பஸ் அத விட்டா இல்லன்னு அவசரமா கெளம்பிட்டாங்க."

"இடம் வெச்சிருப்பீங்களா?"

"திங்கக்கிழமை சேத்துடணும்னு உத்தரவு. எனக்காக செவ்வாய்க்கெழம வரைக்கும் பாக்கச் சொல்றேன்."

தந்தி அடித்தோம். தந்தி அடிவாரம் வரைக்கும் போனது. அதற்கு மேல் தபால்காரர் நடந்து போக வேண்டும், வாரத்துக்கு இரண்டு நாள். ஆள் அனுப்பச் சொல்லி மேனேஜரிடம் சார் கேட்டார். "ஒரு பொண்ணுக்காகவா?" என்றார் மேனேஜர். நான் போயிருக்கலாம். தனியாக மலைக்கு எப்படிப் போவது என்று பயந்துகொண்டு இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் போய்விட்டது. புதன்கிழமை அந்த இடத்தில் வேறொருத்தி சேர்ந்தாள். வார்டன் போனில் சொன்னார்.

அந்த வாரமே எனக்கு மெமோ வந்தது. பதிவேட்டைச் சரிவரப் பராமரிக்கவில்லையாம். சார் போய், தன் பேரில் கொடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார். "உங்க பேர்ல எப்பிடி சார் குடுக்கறது?" என்றார்களாம். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சரிவரப் பராமரிக்கவில்லை என்பது உண்மைதானே. பதிவேடே போடாமல் இருந்தவர்களுக்கு மெமோ எதுவும் வரவில்லை.

அடுத்த வாரம் சார் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் அலமாரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கேளுங்கோ மேரியம்மா" என்றார். முதல் அட்டையிலிருந்து கேட்டேன். இரண்டு முழு நாள். காலியாக விட்டால் என்ன ஆகும், காலியாக விட்டால் என்ன ஆகும், இதே கேள்விதான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சில இடங்களில் அவருக்கே ஞாபகம் இல்லை. பொதுக்கட்டைப் பிரித்து அட்டையைத் தூக்கிப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு எல்லா ரோஸ் அட்டையையும் நூர்ஜஹானும் மற்றப் பெண்களும் புதிதாகப் போட்டார்கள். ஒரு கட்டமும் காலி இல்லை. பழையபடியே இருக்க வேண்டுமென்றால் அந்தப் பழையதைத் துளை போட்டே ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு பொதுக்கட்டைத் தொட வருகிறவர்களிடம் நோட்டை முதலில் நீட்டுவேன். என்ன மாற்றுகிறார்கள், முன்பு என்ன இருந்தது, ஏன். மூன்றும் எழுதினால்தான் அலமாரிச் சாவி. பச்சைக் கோட்டில் பல் விழுந்தால் நான் சேர்த்து இழுப்பதில்லை. பல் அப்படியே இருக்கும், பக்கத்தில் தேதி இருக்கும். "பாஸ்போர்ட் ஆபீஸ்கூட இவ்வளவு கேக்காதும்மா" என்று இளைய புரோகிராமர்கள் முனகுவார்கள். முனகட்டும். வாயைத் திறந்து அவர்களோடு சண்டை போட எனக்கு வராது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நோட்டைப் பார்த்தபடி நிற்பேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். கடைசியில் எழுதுவார்கள்.

மறு வருஷம் அதே பயிற்சிப் பள்ளியின் மார்க் காகிதங்கள் வந்தன. நூர்ஜஹான் துளை போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வாங்க."

அட்டையின் மேல் விளிம்பில் அச்சாகியிருந்த பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பெ. மருதாயி. பக்கத்தில் மார்க்கு, எழுபத்தொன்று.

திரும்ப வந்திருக்கிறாள். மறுபடியும் முதலிலிருந்து மூன்று மாதம். கூடப் படித்தவர்கள் இவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற நிலைமையில் இருந்திருப்பார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு போய் சாரின் மேஜையில் வைத்தேன். பெயரைப் பார்த்தார். மார்க்கைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார். முகம் மலர்ந்தது.

"எழுபத்தொண்ணா! பேஷ், பேஷ். இனிமே நாம எந்த மார்க் வெச்சாலும் அவ பாஸ்."

"போன வருஷமே பாஸ்தான் சார்" என்றேன்.

பஞ்ச் அறையில் மிஷின் சத்தமெல்லாம் நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகவா சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.